தங்கமீனுக்குத் தொட்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் நாம் பார்க்கும் தங்கமீன் பெரும்பாலும் குஞ்சுதான். அதைக் கண்ணால் அளந்து தொட்டி வாங்குவது முதல் தவறு. மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. காமெட், ஷுபுன்கின் போன்ற ஒற்றை வால் மீன்கள் நன்றாக வளர்ந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை வரும். ஒராண்டா, ரியுகின், பிளாக் மூர் போன்ற உருண்டை உடல் ரகங்கள் 15 முதல் 20 செ.மீ. இருக்கும். ஒழுங்காகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த வளர்ந்த மீனுக்கு.

தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும் என்று சொல்பவர்கள் உண்டு. சின்னத் தொட்டியில் வளர்ச்சி நின்றுபோவது உண்மைதான். ஆனால் அது மீன் தன்னைச் சரிசெய்துகொள்வதல்ல, கழிவு தேங்கிய நீரில் உடல் குன்றிப்போவது. அப்படிப்பட்ட மீன் சீக்கிரமே செத்தும்போகும். தங்கமீனுக்கு ஆயுசே அவ்வளவுதான் என்று பழியை மீன்மேல் போட்டுவிடுவோம்.

ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) தண்ணீர் என்ற கணக்கும் இங்கே உதவாது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பக் கூடும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். செவுள் வழியாக அது விடும் அம்மோனியாதான் உண்மையான சிக்கல். ஒரே மீன், ஒரே தீனி என்றாலும் 100 லிட்டரில் கலப்பதைவிட 10 லிட்டரில் அம்மோனியாவின் செறிவு பத்து மடங்கு. செவுள் வெந்துபோக அது போதும்.

நல்ல ஃபில்டர் போட்டால் சின்னத் தொட்டி தாங்காதா? தாங்காது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த பாக்டீரியா நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசியில் சேரும் நைட்ரேட் பெரும்பாலும் தண்ணீர் மாற்றினால்தான் போகும். தவிர, சின்னத் தொட்டியில் பெரிய ஃபில்டரின் நீரோட்டம் உருண்டை மீன்களை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வடிவம். ஆக்சிஜன் கரைவது நீரின் மேற்பரப்பு வழியாக. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் அந்தப் பரப்பு 1,800 சதுர செ.மீ. 15 செ.மீ. வாயுள்ள கண்ணாடிப் பவுலைக் கழுத்துவரை நிரப்பினால் 180-கூடத் தேறாது. உயரமான அறுகோணத் தொட்டியும், உருளைத் தொட்டியும் இதே ரகம். பார்க்க அழகு, அவ்வளவே. லிட்டர் சமமாக இருந்தால் நீளமும் அகலமும் கூடியதை எடுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் லிட்டரை அப்படியே நம்புவதும் தவறு. செ.மீ.யில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் கொள்ளளவு வரும். 60×30×30 என்றால் 54 லிட்டர். அடியில் 5 செ.மீ. கூழாங்கல், மேலே 4 செ.மீ. இடைவெளி விட்டால் உள்ளே நிற்பது 40 லிட்டர் அளவுதான். 'இரண்டு அடித் தொட்டி' என்று விற்கப்படுவது ஏறக்குறைய இதே அளவுதான். ஒரு தங்கமீனுக்கே அது காணாது.

உருண்டை ரகத்தில் முதல் மீனுக்குக் குறைந்தது 75 லிட்டர், கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் உள்ளே நிற்கும் தண்ணீரின் கணக்கு. 90×45×45 தொட்டியில் இரண்டு மீன் தாராளமாக இருக்கும். ஒற்றை வால் மீனுக்கு நான்கு அடி நீளத்துக்குக் குறையக் கூடாது. வளர்ந்தபின் வெளியே குளத்தொட்டிதான் சரி. இரண்டு ரகத்தையும் ஒன்றாக விடாதீர்கள். காமெட் வேகமாக வந்து தீனியை முடித்துவிடும்.

வாங்குமுன் எடையையும் பாருங்கள். மேலே சொன்ன 90×45×45 தொட்டி (மூன்று அடி), தண்ணீரும் கண்ணாடியும் கல்லும் சேர்ந்து 200 கிலோவைத் தொடும். சாதாரண மேசை தாங்காது. ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்தால் கண்ணாடி மூட்டில் விரிசல் விடும்.

தொட்டி ஏற்கெனவே இருக்கிறதா? நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டால் அளந்து பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வாரம் பாதித் தண்ணீர் மாற்றியும் அடுத்த முறைக்குள் நைட்ரேட் 40 பிபிஎம்-ஐ (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டினால், மீனுக்கு அந்த இடம் போதவில்லை. புதுத் தொட்டி வரும்வரை தீனியைக் குறைத்து, குளோரின் நீக்கிய நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றுங்கள். புதிய தொட்டிக்குப் போகும்போது பழைய ஃபில்டரின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள்; பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.