சிபிடி சணல்: எந்த ரகம் நல்லது என்று எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவில், குறிப்பாக ஓரிகன் மாநிலப் பக்கம் சிபிடிக்காக (போதை தராத கன்னாபிடையோல் என்ற பொருள்) சணல், அதாவது கஞ்சா இனத்து ஹெம்ப் செடி, போடுகிறவர்கள் விதை வாங்கும்போது முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் சிபிடி?" என்றுதான். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே செடியில் இருக்கும், போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 வேளாண் சட்டம். சிபிடி ஏற ஏற அதுவும் கூடவே ஏறும்.

அதனால் ஆய்வக அறிக்கையை வாங்கி, மொத்த சிபிடியை மொத்த டிஎச்சியால் வகுத்துப் பாருங்கள். 25 வந்தால், சிபிடி ஏழரை சதவீதத்தைத் தொடும்போதே டிஎச்சி 0.3 ஆகிவிடும், அப்புறம் பூவை அறுக்காமல் செடியில் விட்டுவைத்தால் வம்புதான். மொத்த டிஎச்சி என்பது டிஎச்சியோடு, டிஎச்சிஏவை (சூடானால் டிஎச்சியாக மாறும் அமில வடிவம்) 0.877ஆல் பெருக்கிக் கூட்டியது. அறிக்கையில் வெறும் டிஎச்சியை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள்.

செர்ரி ஒயின், லிஃப்டர், சுவர் ஹேஸ் என்று எந்த ரகமானாலும் ஒரே வயலில், ஒரே நாளில் நட்டு, பூ விட்டதிலிருந்து வாராவாரம் ஆய்வகத்துக்குப் பூ மாதிரி அனுப்புங்கள். ஒவ்வொரு ரகமும் எந்த வாரம் 0.3 வரம்பைத் தொடுகிறது என்பதைக் குறித்து வையுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான ஒப்பீடு.

மழை இன்னொன்று. அக்டோபர் ஈரத்தில் கெட்டியான பூங்கொத்தை விரலால் பிளந்து பாருங்கள், வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே காம்பைச் சுற்றிச் சாம்பல் பூஞ்சை. ஈரமான ஊர் என்றால் சீக்கிரம் முற்றுகிற ரகம், கொஞ்சம் தளர்ந்த பூ உள்ளதாகப் பாருங்கள். ஆண் செடி கண்ணில் பட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள், விதை பிடித்த பூவில் சிபிடி குறைந்துவிடும்.