மடக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் மடக்கு சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் நாள் முழுக்கக் கொண்டுபோகலாம். ஆனால் மடக்கியபடியே, 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே மடக்கித் தூக்கிப் பாருங்கள். பன்னிரண்டு கிலோ அங்கே லேசாகத்தான் இருக்கும். லிஃப்ட் பழுதான நாளில் படியேறும்போதுதான் கனம் தெரியும்! சின்னச் சக்கரம் என்பதால் குழியில் இறங்கினால் கை அதிரும், காற்றைச் சரியாக வைத்திருங்கள். கிளம்பும் முன் நடுக் கீலின் பூட்டு ‘டக்’ என்று விழுந்ததா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், பையில் ஒரு பழைய துண்டு. மழையில் நனைந்த சக்கரத்தைத் துடைக்காமல் ஏறினால் பக்கத்தில் நிற்பவரின் பேன்ட்டில் கறுப்புக் கோடு விழும். நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இரண்டு முறை.