பிள்ளைகளை வைத்து ஊர் வாய்க்கால் கரையில் பனங்கொட்டை நடுவது எப்படி

பிள்ளைகளுக்கு ஊர் வேலை என்றால் பலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கவைத்து, பேனரோடு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுவாரம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கவேண்டிய வேலையாகக் கொடுங்கள். காவிரி டெல்டா ஊர்களுக்குப் பனங்கொட்டை நடுவது தோதானது. காசு செலவில்லை, கூண்டு வேண்டாம், குடம் சுமந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். எந்தத் தோப்பில் எந்த மரம் காய்க்கும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். தெருவுக்கு ஒரு தாத்தாவையோ ஆத்தாவையோ பிள்ளைகளே போய்க் கேட்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் எது சாய்ந்தது, எது நின்றது என்ற பேச்சும் அங்கேயே வந்துவிடும்.

பொறுக்கப் போகும்போது செருப்பு கட்டாயம். காற்றடித்தால் மரத்தடியில் நிற்கக் கூடாது. காய்ந்த மட்டைக் குவியலில் கை விடக் கூடாது: கருக்கு அறுக்கும், தேளும் பாம்பும் அங்கேதான் கிடக்கும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும். நிழலில் குவித்து வைத்தால் பத்து, பதினைந்து நாளில் சதை அழுகிக் கழன்றுவிடும். நாற்றம் அடிக்கும், பயப்படவேண்டாம். கையில் எடுத்தால் கனக்காததையும் ஓட்டை விழுந்ததையும் கழித்துவிடுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது இடத்தில்தான். வாய்க்காலின் உட்சரிவில் நட்டால் மேட்டூர் அணை திறப்புக்கு முன் தூர்வார வரும் பொக்லைன் அத்தனையையும் வாரிப் போட்டுவிடும். கரையின் வெளி ஓரத்தில், டிராக்டர் தடம் விட்டு நடுங்கள். மின்கம்பிக்கு அடியில் வேண்டாம். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், நிழல் விழும் என்று அவரே பிடுங்கிப் போடுவார். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கரை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 கிராம சபை சரியான நேரத்தில் வருகிறது. எந்தக் கரை, எத்தனை கொட்டை என்று பிள்ளைகள் வாசிக்க, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பெரியவர் ஒருவர் மனு கொடுக்கட்டும். பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள்.

நூறு கொட்டைக்கு இருபது பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக. பத்தடிக்கு ஒன்று என்றால் ஆயிரம் அடிக் கரை வேண்டும். கடப்பாரை பெரியவர் கையில் இருக்கட்டும். முக்கால் அடிக் குழி, கொட்டை, மண், மிதி: அவ்வளவுதான். முளை தானாகக் கீழே இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம் என்பதால் இரு முனையிலும் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும்; கை கழுவக்கூடப் பிள்ளைகள் வாய்க்காலில் இறங்கக் கூடாது, குடத்தில் தண்ணீர் கொண்டுபோங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். கரை சேறானால் வழுக்கும்.

குழிக்குக் குழி மூங்கில் குச்சி நட்டு எண் எழுதி, ஜோடியின் பெயரோடு நோட்டில் பதியவேண்டும். முதல் ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். வந்தாலும் மடிந்த ஒற்றை ஓலைதான். புல் என்று செதுக்கிவிடுவார்கள். அதனால் நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமார்களிடம் பிள்ளைகளே குச்சியைக் காட்டிச் சொல்லிவைக்கட்டும். ஆடுமாடு ஓட்டி வருபவர்களிடமும்தான்.

இன்னொரு ஆபத்து பொங்கல். முளைத்த கொட்டையின் பனங்கிழங்கு ஆசையில் தோண்டுவது வெளியார் அல்ல, நட்ட பிள்ளைகளேதான். மீந்த கொட்டைகளை யார் வீட்டுக் கொல்லையிலாவது முழங்கால் உயர மணல் மேட்டில் நெருக்கமாகப் பதித்துவிடுங்கள். தை பிறக்கும்போது கிழங்கு எடுக்கலாம். முதல் கட்டு, மரம் காட்டிய தாத்தா ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். கரையில் கை வைக்கவேண்டிய அவசியமும் இருக்காது.

அடுத்த ஆடியில் நோட்டோடு நடந்து எண்ணுங்கள். முளைக்காத குழிகளை ஆவணிப் பழத்தில் அதே ஜோடி நிரப்பவேண்டும். வெளியூர்ப் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளையின் குழிகளைக் கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவர் பெயருக்கு மாற்றி எழுதுங்கள்.