வாடகைப் படகில் தூண்டில் போடப் போகுமுன்

சிங்கப்பூரில் படகுக்கு நாள் குறிக்கும்போது விடுமுறையை மட்டும் பார்க்காதீர்கள், கடல் ஏறி இறங்கும் நேரம் காட்டும் ஓத அட்டவணையையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தென் தீவுகளுக்கிடையே நீரோட்டம் பலமாக இருக்கும்; நூலில் கட்டும் 200 கிராம் ஈயக் குண்டுகூடக் கடலடித் தரையில் நிற்காமல் போகலாம். அஷ்டமி, நவமி வாக்கில் பொதுவாக ஓட்டம் தளரும். எந்த நாளானாலும் ஓட்டம் தணிந்து நீர் திரும்பும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். அப்போது சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பது பெரிய நஷ்டம்!

ஒரே பக்கம் நிற்பவர்கள் ஒரே எடை ஈயம் போடுங்கள். ஒருவர் 60 கிராம், பக்கத்தில் இருப்பவர் 200 கிராம் என்றால் நூல்கள் கட்டாயம் பின்னிக்கொள்ளும். ஈயத்தைக் கட்டும் நரம்பு மற்றதைவிட மெல்லியதாக இருக்கட்டும். பாறையில் மாட்டினால் ஈயத்தோடு போய்விடும், தூண்டில் முள்ளும் மீனும் மிஞ்சும்.

உயிர் இறாலைக் கோப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைக்கொம்புக்கு அடியில், மேலோட்டை ஒட்டி முள்ளைக் குறுக்கே செலுத்துங்கள். ஓட்டுக்குள் தெரியும் கரும்புள்ளியில் பட்டால் இறால் அப்போதே செத்துவிடும்.

களவா மீன் கடித்ததும் பாறைப் பொந்துக்குள் பாயும். முதல் இரண்டு மீட்டர் நிறுத்தாமல் தூக்குங்கள்.

கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் முள் குத்தினால், குத்திய இடத்தைத் தோல் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணியாவது வெந்நீரில் வையுங்கள். அதற்காகவே ஒரு ஃபிளாஸ்க் வேண்டும். வலி தணியாவிட்டால் கரைக்குத் திரும்பி மருத்துவரைப் பாருங்கள்.