பழைய ஆலயத்தின் கூரைக்குக் காசு சேர்க்கிற விதம்

“ஆலயத்தைத் திருத்த வேண்டும், உதவுங்கள்” என்று கேட்டால் மட்டக்களப்பில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். “பார்ப்பம்” என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். “பீடத்துக்கு மேலே ஒழுகுது, மூன்று கைமரம் உக்கிப்போச்சு, ஒன்றுக்கு இவ்வளவு முடியும்” என்று கேட்டுப் பாருங்கள், சட்டைப்பைக்குள் கை போகும். வாவிக்கரையில் இருக்கும் எங்கள் மெதடிஸ்த ஆலயத்தின் கட்டிட நிதிக்கு நான்தான் பொருளாளர். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காசு கேட்பதற்கு முன்னால் எது பழுது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். அதற்கு நல்ல காலம் மாரிதான். நவம்பர், டிசம்பரில் அடைமழை பெய்யும்போது ஆலயத்தைத் திறந்து, சோக்குக் கட்டியோடு உள்ளே நில்லுங்கள். நீர் சொட்டும் இடத்தில் தரையில் வட்டம் போட்டு, படம் எடுத்து வையுங்கள். மழை விட்ட பிறகு ஓடாவியாரை, அதாவது தச்சரை, மேலே ஏற்றுங்கள். டோர்ச்சும் ஒரு நீள ஆணியும் போதும். எங்கள் ஓடாவியார் ஒவ்வொரு கைமரத்தையும் நடுவில் குத்தவில்லை, சுவரில் போய் உட்காரும் நுனியில் குத்தினார். காற்றுப்படாமல் ஈரம் தங்குவது அங்கேதான். நடுவில் பாலை மரம் இரும்பு மாதிரி இருக்க, நுனியில் ஆணி பாணுக்குள் போவதுபோல் இறங்கியது. அப்படியென்றால் முழுக் கைமரத்தையும் மாற்றத் தேவையில்லை. உக்கிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பழைய மரத்தில் ஒட்டுப் போடலாம். கொந்தராத்துக்காரர் ஒருவர் எங்களுக்குத் தந்த மதிப்பீட்டில் கூரை மரம் முழுவதும் புதிதாக இருந்தது. ஓடாவியாரின் ஆணிக்குப் பிறகு அந்தத் தொகை பாதிக்கும் கீழே வந்தது. சேர்க்கத் தேவையில்லாத காசைப்போல் நல்ல காசு வேறில்லை.

சுவர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் திரும்ப விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நிற்கும். வாவிக்கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. கொஞ்சக் காலத்தில் பூச்சு பொருமி, தகடு தகடாக விழும். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு அவசரத்தில் செய்த சீமெந்துப் பூச்சு எங்களிடம் இன்னும் இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் டொக்கு டொக்கென்று உள்ளே வெறுமையாய்க் கேட்கும். ஆகவே மதிப்பீடு கேட்கும்போதே “சுண்ணாம்புச் சாந்து” என்று எழுதிக் கேளுங்கள். விலை கூடத்தான் வரும். ஆனால் சீமெந்துக்குப் போனால் இதே சனத்திடம் இதே சுவருக்காக உங்கள் பிள்ளைகள் திரும்பக் காசு கேட்க வேண்டி வரும்.

கட்டிடம் நூறு வயதைத் தாண்டியது என்றால் தொல்பொருள் திணைக்களத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருந்தால், அனுமதியில்லாமல் கூரை ஓடு ஒன்றைக்கூட அசைக்கக்கூடாது. அறிவிக்காவிட்டாலும் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது. காசு தருகிறவர்கள் கடிதத்தை நம்புவார்கள்.

சரி, இனிக் கேட்கத் தொடங்கலாம். மதிப்பீட்டை மொத்தமாகக் காட்டாதீர்கள். அந்தத் தொகையைப் பார்த்தால் ஏழை பயப்படுவார், பணக்காரர் ஒளிந்துகொள்வார். ஓடு ஒன்று, சலாகை ஒன்று, சுண்ணாம்பு மூடை ஒன்று, மேசனின் ஒருநாள் கூலி, இப்படி உடைத்து, விலையோடு ஒரு பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். பக்கத்தில் பழைய கள்ளிக்கோட்டை ஓடு ஒன்றைக் குப்புற வைத்தோம். அதன் பின்பக்கத்தில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் மிஷனரிச் சங்கத்தின் முத்திரை இருக்கிறது. 1865இல் மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். சிறுவர்கள் அந்த எழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள், பின்னால் வரும் தாய் விலையைப் பார்ப்பார். வயதான அம்மா ஒருவர், “மனே, நாலு ஓட்டுக்கு எழுதுகா, மிச்சம் பென்சன் வந்தாப்பிறகு” என்றார். அந்த நாலு ஓட்டுக்கும் பற்றுச்சீட்டு எழுதினேன். சின்னத் தொகைதானே என்று பற்றுச்சீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆலய வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்ததும், அடுத்த வருடமே இங்கேயே இறந்ததும் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். அதைவிட, ஞானஸ்நானப் பதிவேட்டில் தன் பூட்டனின் பெயரைக் காட்டினால் மனிதர் அசைந்து கொடுப்பார்.

எப்போது கேட்பது என்பது பெரிய விஷயம். இந்த மாவட்டத்தின் காசு வயலில் இருந்து வருகிறது. பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்ற கையோடு, பெப்ரவரி, மார்ச்சில் கேளுங்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் கேட்காதீர்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விற்கும் ஏலத்தைக் கட்டிட நிதிக்கே ஒதுக்கித் தரும்படி போதகர் ஐயாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏலம் கூறுகிறவர் ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்களுடையவர் ஒரு சட்டி எருமைத் தயிரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மருமகன் கேட்டுட்டார், மாமா சும்மா இருக்கிறீங்களே!” என்பார். மாமா சும்மா இருக்க முடியுமா? எடுத்தவர் அதைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுப்பார், சட்டி மறுபடியும் ஏலத்துக்கு வரும். சந்தையில் அந்த விலைக்கு மாட்டையே வாங்கலாம் போல் தோன்றும். ஆனால் பக்கத்திலேயே ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து, அந்த இடத்திலேயே காசை வாங்க வேண்டும். ஏலக்கடன் வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு வராது. புரியாணிப் பார்சலும் விற்கலாம். உழைப்புக்கு ஏற்ற வரவு அதில் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பெரிய தொகை வரும், அதோடு பெரிய யோசனையும் வரும். லண்டனில் இருப்பவர்கள் அங்கே பதிவான அறக்கட்டளை ஒன்றின் வழியாகக் கொடுத்தால் ‘கிஃப்ட் எய்ட்’ கிடைக்கும். வருமான வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அந்த அரசு சேர்த்துத் தரும். ஆகவே முதலிலேயே அப்படியொரு அமைப்பைத் தேடிப் பேசி வையுங்கள். வட்ஸ்அப்பில் நீண்ட கடிதம் அனுப்பாதீர்கள். சோக்கு வட்டத்தின் படமும், ஆணி இறங்கிய நுனியின் படமும், விலையும் போதும்.

யோசனை என்றேன் அல்லவா? ஒருவர் தரை முழுவதற்கும் டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்றார், வாசலில் தன் தாய் தகப்பன் பெயரோடு ஒரு மாபிள் கல்லும் வேண்டுமாம். இங்கேதான் கமிட்டிகள் உடைகின்றன. நாங்கள் ஒரே ஒரு விதியை முதற்கூட்டத்திலேயே எழுதிக் கையொப்பம் வைத்தோம்: பட்டியலில் உள்ள வேலைக்கு மட்டுமே காசு வாங்குவது, சுவரில் யாருடைய பெயரும் இல்லை, ஒரு புத்தகத்தில் எல்லாப் பெயரும் அகரவரிசையில், தொகை எழுதாமல். டைல்ஸ்காரர் கோபித்துக்கொண்டார். பிறகு அவருடைய அக்கா இரண்டு தீராந்திக்குக் காசு அனுப்பினார். காசு வருவதற்கு முன்னால் எழுதினால் இது விதி, வந்த பிறகு எழுதினால் அவமதிப்பு.

தூதரக நிதிகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அம்பாறை மாவட்டத்து ராஜகல தொல்லியல் தளத்துக்கு அமெரிக்கத் தூதரகத்தின் கலாசாரப் பாதுகாப்பு நிதி கிடைத்தது. அங்கே பல்கலைக்கழகம் ஒன்று வேலையில் இருந்தது. தகுதியுள்ள நிபுணரும் ஆவணங்களும் இருந்தால் முயன்று பாருங்கள், அதை நம்பிக் கூரையைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கணக்குக்குத் தனி வங்கிப் புத்தகம் தேவை, இரண்டு கையொப்பம் தேவை, அவை ஒரே குடும்பத்தில் இருக்கக்கூடாது. வரவு செலவை மாதாமாதம் பலகையில் ஒட்டுங்கள். வேலையைக் கூரையின் ஒரு பகுதி, பிறகு அடுத்த பகுதி என்று பிரியுங்கள். ஒரு பகுதிக்குரிய முழுக் காசும் வங்கியில் விழும்வரை அந்தப் பகுதியின் ஓடுகளை இறக்க விடாதீர்கள். மேசன்மார் அவசரப்படுத்துவார்கள். செப்டம்பருக்குள் மூட முடியாத பகுதியை அந்த வருடம் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய பழைய ஓடுகளை விற்றால் நல்ல விலை போகும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். விற்காதீர்கள். அதே அச்சில் ஓடு இனிக் கிடைப்பது கஷ்டம், அடுத்த காற்றுக்குத் தேவைப்படும். மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தி அடுக்கி, எத்தனை என்று எண்ணி, கணக்குப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.