மவுண்டன் பைக்கின் பின் கியரை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி கோணேஸ்வரம் கோயிலுக்கு ஏறும்போதுதான் பின் கியரின் உண்மையான நிலை தெரியும். லீவரைத் தட்டியதும் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறாமல் கரகரவென்று உரசிக்கொண்டு, முழுப் பலத்தோடு மிதிக்கிற நேரம் பார்த்து 'டக்' என்று தாவினால், கால் வழுக்கி ஆளே விழலாம்.

இப்படி ஆனதும் பலர் ஸ்குரூ டிரைவரை எடுத்து டெரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின்பக்கக் கருவியில்) உள்ள ஆணிகளைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய கியர் இன்று தடுமாறினால், குற்றம் பெரும்பாலும் லீவரிலிருந்து டெரெய்லருக்குப் போகும் கேபிளில்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரமாக ஓடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்புக்காற்று கேபிள் உறைக்குள் புகுந்து துருவாக்கிவிடும்.

சைக்கிளின் சீட்டைக் கயிற்றால் கட்டி, மாமரக் கொப்பிலோ கூரை வளையிலோ தொங்கவிடுங்கள். பின் சில்லு நிலத்தைத் தொடாமல் சுற்றினால் போதும். தலைகீழாக நிறுத்தினால் லீவர்கள் நிலத்தில் நசியும். செயினை மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்துத் துடைத்து, ஒயில் விடுங்கள். முன்பக்கச் செயினை நடுச் சக்கரத்தில் வையுங்கள்.

இப்போது பின்னால் குந்தியிருந்து பாருங்கள். செயின் ஓடும் இரண்டு குட்டிச் சில்லுகளும் அவற்றைத் தாங்கும் தகடும் பல்சக்கரங்களுக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்முனை ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால், சைக்கிள் வலப்பக்கமாக விழுந்ததில் டெரெய்லரைத் தாங்கும் கொளுக்கி வளைந்திருக்கலாம். அதைக் கடையில் நிமிர்த்துங்கள். வளைந்த கொளுக்கியோடு எவ்வளவு திருகினாலும் பலனில்லை.

அடுத்தது கேபிள். பெடலைச் சுற்றிக்கொண்டே செயினை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பெடலை நிறுத்துங்கள். சில்லு நின்றபின், லீவரை மட்டும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கான கியர்வரை தட்டிவிடுங்கள். செயின் நகராது, ஆனால் கேபிள் தொய்ந்துவிடும். இனி கறுப்பு உறையைச் சட்டத்தில் உள்ள பிடியிலிருந்து கையாலேயே கழற்றி, உள்கம்பியில் முன்னும் பின்னும் தள்ளலாம். டெரெய்லருக்குப் போகும் அந்தக் கடைசி வளைவைக் கவனியுங்கள், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கம்பியில் பழுப்பு நிறம் தெரிந்தால் துடைத்து, ஒரு சொட்டு ஒயில் விட்டு உறையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சொரசொரத்தால் கம்பி, உறை இரண்டையும் மாற்றுங்கள். உறையைப் பழையபடி பிடியில் மாட்டிவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. கேபிள் உறை டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய ஒரு சிறு குமிழ் இருக்கும். சில சைக்கிள்களில் அது லீவர்ப் பக்கம் இருக்கும். பெடலைச் சுற்றி, செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு விடுங்கள். லீவரை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏறவில்லையா, தயங்கித் தயங்கி ஏறுகிறதா? கேபிள் தளர்ந்திருக்கிறது. பின்னால் நின்று பார்த்தபடி குமிழைக் கால் சுற்று இடஞ்சுழியாக, அதாவது குமிழின் மேற்பக்கம் ஸ்போக்கை நோக்கிப் போகுமாறு திருப்புங்கள். மீண்டும் தட்டிப் பாருங்கள். இரண்டைத் தாண்டினாலோ, இரண்டில் நின்றபடி மூன்றாவதை உரசினாலோ கேபிள் இறுகிவிட்டது, கால் சுற்று வலஞ்சுழியாகத் திருப்புங்கள்.

கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். காதைக் கொடுங்கள். கரகரப்பு மெல்ல மெல்லக் குறைந்து, செயின் ஓடும் சீரான சத்தம் மட்டும் மிஞ்சும் ஓர் இடம் வரும். அங்கே விடுங்கள். பிறகு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

குமிழை முழுக்கத் திருப்பியும் போதவில்லையா? செயினைச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கி, குமிழை முழுதாக உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைப் பிடித்திருக்கும் ஆணியைத் தளர்த்தி, கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். பிறகு கால் சுற்று வேலையை மீண்டும் தொடங்குங்கள்.

டெரெய்லரில் 'எச்', 'எல்' என்று குறித்த இரண்டு ஆணிகளும் செயினின் எல்லை வேலிகள். செயின் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் 'எச்' ஆணியை வலஞ்சுழியாகக் கொஞ்சம் இறுக்குங்கள். பெரியதைத் தாண்டி ஸ்போக் பக்கம் போனால் 'எல்' ஆணியை அதேபோல இறுக்குங்கள். பழகிய புதிதில் நான் 'எல்' ஆணியைத் தளர்த்திவிட்டு உவர்மலை ஏற்றத்தில் மிதித்தேன். செயின் ஸ்போக்குக்குள் விழுந்து, பின் சில்லு அப்படியே இறுகி நின்றுவிட்டது. அதனால் றோட்டில் இறங்குமுன், பெரிய பல்சக்கரத்தில் செயின் ஓடும்போது டெரெய்லரைக் கையால் ஸ்போக் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். செயின் தாண்டக் கூடாது.

கடைசியாகச் சமதரையில் ஓட்டி ஒவ்வொரு கியராக மாற்றுங்கள், அப்புறம் ஏற்றத்துக்குப் போங்கள். புதுக் கேபிள் போட்டிருந்தால் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். குமிழை இன்னொரு கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பினால் சரியாகிவிடும்.