ஓனர் சம்மதத்தோடு வீட்டை உள்வாடகைக்கு விடுவது எப்படி?

ஆறு மாத வேலைக்கு வெளியூர் போகிறீர்கள். வீட்டைக் காலி செய்ய மனமில்லை, இரண்டு இடத்தில் வாடகை கொடுக்கவும் கட்டுப்படியாகாது. தெரிந்தவருக்கு உள்வாடகைக்கு விடலாம்தான். ஆனால் சாவி கைமாறும் முன்பே ஓனரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, அப்படிச் சம்மதம் வாங்காமல் வீட்டையோ ஒரு பகுதியையோ பிறருக்கு விட்டால், உங்களையே வெளியேற்றச் சொல்லி ஓனர் வழக்குப் போடலாம்.

முதலில் உங்கள் அக்ரிமென்டை எடுத்து வாசியுங்கள். 'உள்வாடகைக்கு விடக் கூடாது' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கலங்க வேண்டாம். ஓனர் தரும் கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிட்டு, இந்தக் காலத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து, ஓனரை நேரில் பாருங்கள். வரப்போகிறவர் யார், எங்கே வேலை, எத்தனை பேர் தங்குவார்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முதல் தடவை நான் போனில்தான் கேட்டேன். "அதுக்கென்னம்மா, நல்லவங்களா இருந்தா சரி" என்றார் ஓனர். இரண்டு மாதம் கழித்து அவர் மகன் வந்து கதவைத் தட்டி, உள்ளே இருந்த பெண்ணிடம் "நீங்க யாரு?" என்று கேட்டாராம். அந்தப் பெண் பதறிப்போய் என்னை அழைத்தபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை. இப்போதும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

கடிதம் நீளமாக வேண்டாம்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, மேற்படி வீட்டில் இன்னார் உள்வாடகைக்குக் குடியிருக்க எனக்குச் சம்மதம்." கீழே ஓனரின் கையெழுத்து, தேதி. உங்கள் அக்ரிமென்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் அந்தப் பதிவு எண்ணையும் சேருங்கள்.

பிறகு உங்களுக்கும் வருகிறவருக்கும் தனி அக்ரிமென்ட். அதன் கடைசித் தேதி உங்கள் அக்ரிமென்டின் கடைசித் தேதியைத் தாண்டக் கூடாது. வாடகையை அவர் உங்களிடம் தரட்டும், நீங்கள் ஓனருக்குக் கொடுங்கள். அவர் ஒரு மாதம் தவறினாலும் ஓனருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் தரும் அட்வான்ஸைச் செலவழிக்காமல் வங்கியிலேயே வையுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று இ.பி. மீட்டரைப் போட்டோ எடுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். இடையில் ஆள் மாறினால் யார் எவ்வளவு யூனிட் ஓட்டினார்கள் என்று அந்தப் போட்டோதான் சொல்லும். சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள்களையும் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் அன்று இருவரும் சேர்ந்து அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அன்றே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.